மழை ஐந்து மாதம், பேக்கோவை எங்கே படுக்க வைப்பது?

சித்திரை பிறந்து பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவும் ஓய்ந்துவிட்டால், ரங்கூனை அடுத்த எங்கள் சிரியம் பக்கம் மண்வேலை எடுக்கிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது ஒரே விஷயம்தான். இந்த மழைக்கு வண்டியை எங்கே விடப்போகிறாய்? வைகாசி பிறந்து மழை இறங்கினால் ஐப்பசி வரை விடாது. ரங்கூனில் வருடத்துக்குப் பெய்கிற சுமார் 2,700 மில்லிமீட்டரில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மோல்மேன் பக்கம் 4,000 மில்லிமீட்டரையும் தாண்டும். அந்தக் களிமண்ணில் 20 டன் வண்டியை இறக்கினால் அது தோண்டாது, தானே புதைந்துகொள்ளும்.

எங்களிடம் இருப்பது இரண்டு பேக்கோ, ஒரு வீல் லோடர், ஒரு வைப்ரேட்டர் ரோலர், நாலைந்து கான்கிரீட் மிக்சர். தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பொக்லைன், ஹிட்டாச்சி, ஜேசிபி என்று ஏதாவது ஒரு பெயரில் கூப்பிடுகிற மாதிரி, இங்கே செயினில் ஓடும் எக்ஸ்கவேட்டருக்கும் பேக்கோ என்றே பெயர். எல்லாம் ஜப்பானில் உழைத்துக் களைத்து, அப்புறம் கப்பலேறி இங்கே வந்தவை. புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதில் சில விஷயங்கள் மிகையாகத் தோன்றலாம். இருபது வயது வண்டி வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

மழைக்கு முன்னால் நமக்கு இருக்கும் வழிகள் நான்கு. விற்றுவிடலாம். மழை குறைந்த மேல்பர்மாவுக்கு வாடகைக்கு அனுப்பலாம். வேலை நடந்த இடத்திலேயே நிறுத்தி ஆள் வைக்கலாம். கொட்டகை பிடித்து உள்ளே ஏற்றலாம்.

விற்பதை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். "மே மாதம் கொடுத்துவிடு, நவம்பரில் வேறு வாங்கிக்கொள், ஐந்து மாதக் காவல் செலவு மிச்சம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியாட் நிலையாக இருந்த காலத்துக் கணக்கு அது. 2021 தொடக்கத்தில் டாலருக்கு 1,330 அளவில் இருந்த கியாட், நான்கு வருடத்துக்குள் வெளிச்சந்தையில் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. வைகாசியில் விற்ற காசு ஐப்பசியில் அதே வண்டியின் பூமையும் (தூக்கும் பெரிய கை) பக்கெட்டையும்தான் வாங்கும். மழைக்கு முன்னால் எல்லாரும் விற்கப் பார்ப்பார்கள், மழை முடிந்ததும் எல்லாரும் வாங்கப் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு துருப்பிடித்தாலும் இரும்புதான். தொழிலை விடுவதாக இருந்தால் மட்டும் விற்கலாம்.

மேல்பர்மா விஷயம் அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடியது இல்லை. மண்டலேயில் பெய்யும் மழை ரங்கூனில் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மெய்க்டிலா, மக்வே பக்கமும் அப்படித்தான், நாம் இங்கே சேற்றில் நிற்கும்போது அங்கே புழுதி பறக்கும். 2025 மார்ச் 28ஆம் தேதி 7.7 அளவு நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் புரட்டிப் போட்ட பிறகு, இடிபாடு அள்ளவும் இடித்துத் தள்ளவும் அங்கே வண்டிகள் தேவைப்பட்டன. ஆக வேலை இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் துரு, பேட்டரி, எலி என்ற கவலை எதுவும் கிடையாது. ஓடுகிற வண்டிக்குத் தனியாகப் பராமரிப்புப் பாடம் வேண்டாம் என்பார் எங்கள் மெக்கானிக் மாமா.

ஆனால் டிரெய்லர் பழைய ரோடு வழியாக பெகு, டாங்கூ, பின்மனா, மெய்க்டிலா என்று சுமார் 400 மைல் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடி. டிரெய்லர் வாடகை போக வர எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அங்கே குறைந்தது எத்தனை மணி நேர வேலைக்கு உறுதி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் "அதெல்லாம் கிடைக்கும் சயா (ஐயா)" என்று பதில் வந்தால் போகாதீர்கள். இன்னொரு சிக்கல், ஆள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்ததும் கை பழகிய ஆபரேட்டர் பையன்கள் பலர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். நம் ஆள் இல்லாமல் வண்டியை மட்டும் அனுப்பினால், கான்கிரீட் இடிபாட்டில் பழக்கமில்லாதவன் கையில் ஐந்து மாதம் உழைத்து, ஐந்து வருடம் மூத்துத் திரும்பி வரும். எங்கள் பெரிய பேக்கோவை ஒரு மழைக்கு அனுப்பினோம். வாடகைப் பணம் ஒழுங்காக வந்தது. வண்டி வந்தபோது பக்கெட்டைக் கோக்கும் இரும்பு முளையில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஆட்டம். சேர்த்துக் கழித்தால் கொட்டகையில் சும்மா படுத்திருந்தாலும் ஏறக்குறைய அதே மிச்சம்தான். சொந்த ஆபரேட்டரும் அங்கே தெரிந்த மனிதரும் இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. எங்களுக்கு இல்லை.

மீதி இரண்டு. இடத்திலேயே விடுவதா, கொட்டகையா?

இடத்திலேயே விடுவதில் ஒரு பெரிய ஆசை ஒளிந்திருக்கிறது. டிரெய்லர் செலவு இல்லை, நவம்பரில் அதே இடத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். காவல்காரர் பக்கத்து ஊர்க்காரர், சம்பளமும் குறைவு. தோங்வா பக்கம் ஒரு வாய்க்கால் வேலை பாதியில் நின்றபோது நாங்களும் அப்படித்தான் சின்ன பேக்கோவை வயல் ஓரத்து மேட்டில் நிறுத்தினோம். தார்ப்பாய் போட்டோம், கயிறு கட்டினோம். அந்த வண்டியின் புகைக்குழாய் தலைப்பில் இருந்த வளைவு எப்போதோ ஒடிந்து, நேர்க்குழாய் ஒன்றை வெல்டிங் வைத்திருந்தோம். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கும் குழாய். அதன்மேல் டீக்கடையில் வாங்கிய காலி பால் டின்னைக் கவிழ்த்துவிட்டு வந்தோம். பெரிய வேலை செய்துவிட்ட திருப்தி வேறு.

ஆடிக் காற்று டின்னை எங்கே கொண்டு போனதென்று தெரியாது. நவம்பரில் போய் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து லாரி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து மறுபடி அடித்தோம். இந்தத் தடவை சுற்றியது, ஆனால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு. மழைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, வால்வு திறந்திருந்த ஒரு சிலிண்டருக்குள் தேங்கியிருந்தது. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. சாவியைத் தொடுவதற்கு முன்னால் முன்பக்கப் புல்லியில் கம்பி கொடுத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தால், அங்கேயே இடித்து நின்றிருக்கும், நாமும் நிறுத்தியிருப்போம். டின் பால் விலைக்கு ஒரு என்ஜின்.

அதற்கு மேல் வெள்ளம். மே, ஜூனில் மேடாகத் தெரிகிற இடம் செப்டம்பரில் மேடாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில், இனி மழை முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில், பெகு நகரமே தண்ணீரில் நின்றது. அடுத்த வருடம் செப்டம்பரில் யாகி புயலின் மிச்சம் வந்து நேபிடோவிலிருந்து பெகு வரை மூழ்கடித்தது. செயின் முழுகுகிற அளவு தண்ணீர் பல நாள் நின்றால் பைனல் டிரைவுக்குள் (செயினைச் சுற்றும் கியர்ப் பெட்டி) சீல் வழியாகத் தண்ணீர் கசியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கியர் எண்ணெயைத் திறந்து விட்டால் முதலில் தண்ணீர்தான் வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இடத்திலேயே விடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேடு உண்மையான மேடாக இருந்து, பலகை அடுக்கிச் செயினைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, காவல்காரர் குழாய் மூடியையும் தார்ப்பாயையும் நாள்தோறும் தொட்டுப் பார்க்கிறவராக இருந்தால், திறந்தவெளியிலும் வண்டி தாங்கும். மழையில் நனைவதால் மட்டும் பேக்கோ கெடுவதில்லை, அது மழையில் வேலை செய்யவே பிறந்தது. நனைந்து, காயாமல், யாரும் பார்க்காமல் கிடப்பதால்தான் கெடுகிறது. தார்ப்பாயை இறுக்கிச் சுற்றிக் கட்டுவதும் அப்படித்தான். உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். என்ஜின் மூடியும் கேபினும் மறைகிற மாதிரி மேலே மட்டும் போட்டு, கீழே காற்று போக விட வேண்டும்.

கொட்டகை என்றால் எல்லாக் கொட்டகையும் ஒன்றில்லை. ரங்கூன் தொழிற்பேட்டைகளில் நாலு பக்கமும் தகரம் அடைத்த கிடங்குகள் கிடைக்கும். பூட்டு, கேட், பார்க்கவே நிம்மதியாக இருக்கும். மண் தரையாக இருந்தால் அதை எடுக்காதீர்கள். தரையின் ஈரம் மேலே எழும்பி, ராத்திரி தகரம் குளிர்ந்ததும் சொட்டுச் சொட்டாக வண்டிமேல் இறங்கும். வெளியே மழை விட்டாலும் உள்ளே விடாது. எலிக்கும் அதுதான் சொர்க்கம். கேபினுக்கு அடியில் போகும் ஒயர்க் கட்டை ஒரு ராத்திரியில் கத்தரித்துவிடும். அந்த ஒயரைத் தேடிப் பிடிக்க எலக்ட்ரீஷியனுக்கு மூன்று நாள் கூலி.

எங்களுக்குப் பிடித்தது சுவரில்லாத கொட்டகை. சிமெண்டுத் தரை, உயரமான கூரை, தென்மேற்குப் பக்கம் மட்டும் ஒரு மறைப்பு. இங்கே மழையைக் கொண்டு வருவது தென்மேற்குக் காற்று. சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். மற்ற மூன்று பக்கமும் திறந்திருந்தால் மழை விட்ட அரை நாளில் எல்லாம் உலர்ந்துவிடும். ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், கூரையைத் தாங்கும் மரத்தையும் போல்ட்டையும் ஏறிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நர்கிஸ் புயல் அடித்தது 2008 மே 2, 3 தேதிகளில், மழைக்காலம் தொடங்குவதற்கே முன்னால். கூரை மேலே விழுந்த வண்டிகளை அப்போது நிறையப் பார்த்தோம். ஆகவே வண்டிகளை ஏப்ரல் கடைசிக்குள் உள்ளே கொண்டு வந்துவிடுவது நல்லது. இடம் பேசுவது அதற்கும் முன்னால், பங்குனியிலேயே. சித்திரையில் போனால் மிச்சம் இருப்பது ஒழுகுகிற கொட்டகைதான்.

இடப் பஞ்சத்தில் ஒரு குழப்பம் வரும். பேக்கோவை டிரெய்லரில் ஏற்றுகிற மாதிரி ஆர்மை (பூம் நுனியில் இருக்கும் சின்னக் கை) மடக்கி நிறுத்தினால் 20 டன் வண்டி சுமார் 9.5 மீட்டரில் அடங்கிவிடும். கொட்டகைக்காரர் அப்படித்தான் நிறுத்தச் சொல்வார், வாடகையும் அடிக்கணக்கில்தான். ஆனால் மடக்கினால் ஆர்ம் சிலிண்டரின் ராட் (தண்டு) முழுவதும் வெளியே நீண்டிருக்கும். ஆர்மை முன்னால் நீட்டி, பக்கெட்டைத் திறந்து தரையில் வைத்தால் ஆர்ம் ராட்டும் பக்கெட் ராட்டும் உள்ளே போய்விடும், பூம் ராட் கொஞ்சம்தான் வெளியே தெரியும். அதற்கு இன்னும் மூன்று மீட்டர் இடம் வேண்டும். அந்த மூன்று மீட்டருக்கு நான் வாடகை கொடுத்துவிடுவேன். ராட்டின் மேல் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. ஒரு இடத்தில் துரு புள்ளி வைத்தால் அதன்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சீலும் தட்டும். நகம் தட்டுகிற ராட்டோடு வேலைக்குப் போனால் ஒரு வாரத்தில் சிலிண்டர் வாயில் எண்ணெய் அழ ஆரம்பிக்கும். சீல் மாற்றினாலும் நிற்காது, ராட்டைக் கழற்றிக் குரோம் ஏற்ற வேண்டும். வெளியே நிற்கிற பகுதிக்குக் கிரீஸைத் தடிமனாகப் பூசிவிடுங்கள். துணி சுற்றாதீர்கள், துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு ராட்டோடு ஒட்டியிருக்கும்.

சரி, இடம் முடிவாயிற்று. இனிமேல்தான் உண்மையான சண்டை. ஐந்து மாதமும் தொடாமல் தூங்க விடுவதா, மாதம் ஒரு தடவை எழுப்புவதா?

ஜப்பான்காரன் கொடுத்த புத்தகத்தில் மாதம் ஒரு தடவை ஓட்டு என்றுதான் இருக்கிறது. காரணம் நியாயமானது. நிற்கிற வண்டியில் பேரிங், பம்ப், பிஸ்டன் ரிங் எல்லாவற்றின் மேலும் இருக்கும் எண்ணெய்ப் படலம் மெல்ல மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும். மாதம் ஒரு தடவை சுழன்றால் மறுபடி நனைந்துகொள்ளும். சீல்கள் காயாது, பேட்டரிக்கும் கொஞ்சம் தீனி கிடைக்கும்.

புத்தகம் எழுதினவர், ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டுவான் என்று நம்பி எழுதியிருக்கிறார். எங்கள் லோடருக்கு ஒரு மழை முழுவதும் காவல்காரர் ஒழுங்காக "மாதம் இரண்டு தடவை" ஓட்டினார். அவர் மேல் தப்பு இல்லை, நாங்கள் சொன்னதே "ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க" என்றுதான். அக்டோபரில் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் டீக்கடை டீ நிறத்தில், பால் தூக்கலாக. ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் இறங்கிவிட்டது, ஹெட் கேஸ்கெட் போச்சு என்று நான் பயந்துவிட்டேன். மெக்கானிக் மாமா முகர்ந்து பார்த்தார், விரலில் தேய்த்தார்.

"கேஸ்கெட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க வண்டிய பாதித் தூக்கத்துல எழுப்பி எழுப்பிப் படுக்க வச்சிருக்கீங்க. கும்பகர்ணனை எழுப்பினா முழுசா எழுப்பணும், இல்ல எழுப்பவே கூடாது."

டீசல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. என்ஜின் முழுச் சூடு ஏறினால் அது ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் கலக்கும். எரியாத டீசலும் ரிங் வழியாக இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். மழைக்காலத்து ஈரக் காற்று வேறு. அப்படி பத்துத் தடவை. தொடாமலே விட்டிருந்தால் அந்த என்ஜின் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று ஹைட்ராலிக். ராட்டில் பூசிய கிரீஸில் ஐந்து வாரத் தூசியும் பூச்சியும் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் லீவரை இழுத்தால் எல்லாம் சீலுக்குள் போகும். ஆக மாதாந்திர எழுப்பல் என்றால் முழுக் கணக்கு இதுதான்: ராட்டைத் துடைப்பது, எண்ணெய் பார்ப்பது, ஸ்டார்ட் செய்து சூடு முள் நடுவுக்கு வரும் வரை குறைந்தது அரைமணி, அந்தச் சூட்டில் எல்லாச் சிலிண்டரையும் மெதுவாக நீட்டி மடக்குவது, ஸ்விங் (வண்டியின் மேல்பகுதி) சுற்றுவது, முன்னும் பின்னும் சில அடி நடப்பது, திரும்ப நிறுத்தி மறுபடி கிரீஸ். ஒரு வண்டிக்கு அரை நாள். தெரிந்த ஆள் வேண்டும், வண்டி நடக்க இடம் வேண்டும், டீசல் வேண்டும். கொட்டகையில் அடுத்தவர் வண்டிகளுக்கு நடுவே இடுக்கி நிறுத்தியிருந்தால் நடக்க இடம் ஏது?

தொடாமல் விடுவதென்றால் வேலை முழுவதும் முன்னாலேயே செய்துவிட வேண்டும். வண்டியைக் கழுவி, ரோலர் இடுக்குகளில் இருக்கும் மண்ணைக் கரண்டி போட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த மண் காய்ந்தால் செங்கல், ஈரமாக இருந்தால் துரு. என்ஜின் எண்ணெயை நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுங்கள், எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். பழைய எண்ணெயில் இருக்கும் அமிலம் ஐந்து மாதமும் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும். 20 டன் வண்டிக்கு 23, 24 லிட்டர் பிடிக்கும், காசு கடிக்கும், தெரியும். புது எண்ணெய் ஊற்றி, முழுச் சூடு வரும் வரை ஓட்டி, அப்புறம் நிறுத்த வேண்டும். கிரீஸ் அடிக்கும் எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இறக்கிவிட்டுக் கூலண்ட் ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்பவர்களுக்கு உள்ளே துரு பிடித்த தண்ணீர் வழி ஒன்றைக் காட்ட வேண்டும். காற்றுக் குழாய், புகைக்குழாய் இரண்டையும் பிளாஸ்டிக் போட்டுக் கம்பியால் கட்டுங்கள். பால் டின் வேண்டாம். எதை மூடினோம் என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கிலோ லீவரிலோ தொங்கவிடுங்கள். ஐந்து மாதத்தில் மறந்துவிடும்.

டீசல் டேங்கைப் பற்றிப் புத்தகமும் ஊரும் ஒத்துப்போகாது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று இல்லை, காற்று இல்லையென்றால் வேர்க்காது, டீசலில் தண்ணீர் சேராது. தண்ணீர் சேராவிட்டால் ஃபில்டரை அடைக்கும் அந்தக் கறுப்புப் பாசியும் வளராது. ஆனால் 400 லிட்டர் டீசலை ஐந்து மாதம் ஒரு டேங்கில் வைத்துவிட்டு, இந்த ஊரில், இந்த விலையில், ராத்திரி தூங்க முடியுமா? நாங்கள் செய்வது பாதிக்குப் பாதி. கொட்டகையில் நிற்பதற்கு நிறைய ஊற்றுகிறோம். வெளியே நிற்பதற்கு அடிமட்டம் மட்டும் விட்டு, மூடியின் ரப்பரைப் புதிதாகப் போட்டு, நவம்பரில் டேங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து முதல் சில லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறோம். தண்ணீர் கீழே தனியாக நிற்கும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவது எந்த வழியிலும் நல்லது. எர்த் ஒயர் முதலில். நம் வெயிலில் ஈய பேட்டரி சும்மா இருந்தாலே இறங்கும், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால் தகட்டில் வெள்ளை படிந்து கெட்டுவிடும். சார்ஜர் போடலாம் என்றால் ரங்கூனில் கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம். மாடியில் கிடக்கும் சின்ன சோலார் பேனலோடு கண்ட்ரோலர் வைத்து மாட்டிவிட்டோம். வீட்டில் ராத்திரி பல்பும் எரிகிறது, மனைவிக்கு என் தொழிலில் பிடித்த ஒரே சாமான் அதுதான்.

எங்கள் முடிவு எப்படி வந்ததென்றால், பேக்கோ இரண்டும் கொட்டகையில், நீட்டி நிமிர்ந்த நிலையில், தொடாத தூக்கம். லோடருக்கு டயர் இருப்பதால் அதை நம் வீட்டு முற்றத்துக்கே ஓட்டி வந்துவிடலாம், டிரெய்லர் தேவையில்லை. அது கண்ணெதிரே நிற்கிறது, மழை விட்ட நாளில் தெருமுனை வரை ஓட்டிச் சூடேற்றிக் கொண்டு வரலாம். அதற்கு மாதாந்திர வழி. டயரும் ஒரே இடத்தில் அமுங்காது. மிக்சர்களைச் சுரண்டிக் கவிழ்த்து வைத்தால் போதும். ரோலரை மட்டும் வேலை இடத்திலேயே பலகைமேல் ஏற்றி விடுகிறோம், காரணம் அதைத் திருட யாருக்கும் மனம் வராது. பத்து வண்டி, சொந்த மெக்கானிக், சொந்த யார்டு உள்ள பெரிய காண்டிராக்டராக இருந்தால் எல்லாவற்றுக்கும் மாதாந்திர வழியே சிறந்தது என்பேன். ஆள் சம்பளத்தில் இருக்கிறான், மழையில் அவனுக்கும் வேலை வேண்டும். நம்மைப் போன்ற இரண்டு வண்டிக்காரர்களுக்குத்தான் தூக்க வழி.

தூக்க வழியானாலும் இடையில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது உண்டு, அது ஆயுத பூஜை. புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் அந்த நாளில் எப்படியும் சந்தனம், குங்குமம், பொட்டு, எலுமிச்சம்பழம் என்று வண்டிக்கு முன்னால் நிற்கத்தான் போகிறோம். அதற்கு ஐந்தாறு நாளில் பர்மியர்களின் தடிஞ்ஜூ பௌர்ணமி, ஊரெல்லாம் விளக்கு. அதோடு மழையும் விடைபெறும் என்பது கணக்கு, பெகு வெள்ளம் மாதிரி சில வருடம் கணக்கு தப்பும். பூஜைக்கு முதல் நாளே போய்த் துடைக்கும் சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். குளவி எங்கே மண் கூடு கட்டியிருக்கிறது, எலிப் புழுக்கை எங்கே கிடக்கிறது, எந்த ராட்டில் கிரீஸ் வழிந்துவிட்டது. ஒரு வருடம் பேட்டரிப் பெட்டிக்குள் சாரை. எங்கள் காவல்காரர் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அதுவாகப் போகும் வரை பூஜை தாமதம்.

தேவையான சாமான் பட்டியல் அன்றே எழுதிவிட வேண்டும். நவம்பரில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் விழிக்கும். அப்போது ஃபில்டர் கடையிலும் மெக்கானிக் வீட்டு வாசலிலும் கூட்டம். தீபாவளியும் அதே சமயத்தில் வந்து நிற்கும், நம் பையன்கள் லீவு கேட்பார்கள். பூஜை முடிந்த மறுவாரமே எழுப்பத் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம்.

எழுப்புவதில் அவசரம் கூடாத இடம் என்ஜினின் முதல் அரை நிமிடம். மூடியெல்லாம் கழற்றி, அட்டையோடு ஒப்பிட்டு, என்ஜின், ஸ்விங் கியர், பைனல் டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் திருகை லேசாகத் தளர்த்தி முதலில் வருவது எண்ணெயா தண்ணீரா என்று பார்க்க வேண்டும். அப்புறம் புல்லியில் கம்பி போட்டுக் கையால் இரண்டு சுற்று. அது இடிக்காமல் சுற்றினால், டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். 20 வினாடிக்கு மேல் வேண்டாம், இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி. எண்ணெய் பம்ப்பிலிருந்து மேலே ஏறி, டர்போ பேரிங்கை நனைத்த பிறகுதான் அது ஓட வேண்டும். உலர்ந்த டர்போவை முழு வேகத்தில் சுழற்றினால் அந்த ஒரு நிமிடத்தில் போன உயிர் திரும்பாது. கம்ப்யூட்டர் வைத்த புது என்ஜின்களுக்கு இந்தக் கம்பி இருக்காது, அந்தந்தக் கம்பெனிப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் கேபினில் உட்கார்ந்து லீவரைப் பிடிக்கக் கை துறுதுறுக்கும். பையன்களிடம் நான் டீ வாங்கி வரச் சொல்லிவிடுவேன். ஒரு டீ குடித்து முடிகிற நேரம் குறைந்த வேகத்தில் ஓடட்டும். அதற்குள் டீசலில் நனைத்த துணியால் ராட்டுகளைத் துடைத்துவிடலாம். துடைத்ததும் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். பிறகு சுமை இல்லாமல், மெதுவாக, ஒவ்வொரு சிலிண்டரையும் கடைசி வரை போகவிடாமல் நாலைந்து தடவை. முதலில் கொஞ்சம் உதறும், உள்ளே காற்று இருக்கும், போகப் போகச் சரியாகும். ஸ்விங் இரண்டு பக்கமும், நடை முன்னும் பின்னும். செயின் தொய்வைப் பார்க்கும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் அது தோட்டா மாதிரி வந்து ஆளை அடித்துவிடும்.

முதல் 10 மணி நேரம் வண்டிக்கு வீட்டுப் பக்கத்து வேலைதான் கொடுப்போம். யாருக்காவது குளம் தூர் வாருவது, கோயில் திடலைச் சமன் செய்வது மாதிரி. மாமா சைக்கிளில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவார். அது முடிந்ததும் என்ஜின் எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்ப்போம். அதில் பளபளப்பாக எதுவும் மின்னவில்லை என்றால் தோங்வாவுக்கு டிரெய்லர் சொல்லலாம்.